வீட்டு வாசலில் கார் சார்ஜர்: காருக்கு முன் உயிருக்குக் காப்பு

"கார் சார்ஜர் மாட்டுறதுக்கும் சித்த வைத்தியத்துக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சம்பந்தம் இருக்கிறது. மின் அதிர்ச்சிக்கு எங்கள் ஏட்டில் கஷாயம் இல்லை, சூரணம் இல்லை, தைலமும் இல்லை. மருந்து இல்லாத வியாதிக்கு வராமல் காப்பதுதான் வைத்தியம். அதனால்தான் இந்த மாதம் இஞ்சி, சுக்கு, கடுக்காயை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் வீட்டு மீட்டர் பெட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

திருவண்ணாமலை அக்னித் தலம். தீயின் அருமையும் தெரியும், அதன் கோபமும் தெரியும் நமக்கு. உடம்பில் அழல் அளவோடு இருந்தால் சோறு செரிக்கும், கண்ணில் ஒளி இருக்கும். மிஞ்சினால் அதுவே நோய். வீட்டுக்குள் ஓடும் மின்சாரமும் அப்படித்தான்.

செங்கம் ரோட்டிலும் போளூர் ரோட்டிலும் வேட்டவலம் ரோட்டிலும் பச்சை நம்பர் பிளேட் போட்ட கார்கள் இப்போது சர்வசாதாரணம். பெட்ரோல் விலையைப் பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. புகை இல்லை, சத்தம் இல்லை என்று வாங்குகிறவர்களும் உண்டு. ஆஸ்துமா உள்ள குழந்தை இருக்கும் வீட்டில், போர்டிகோவில் நின்று உறுமும் பெட்ரோல் காரைவிட இது நல்லது என்றே நானும் சொல்வேன். ஆனால் கார் வாங்கும்போது நிறம், சீட், மைலேஜ் என்று பத்து நாள் யோசிக்கிறோம். சார்ஜர் மாட்டும்போது மட்டும் "அந்த பிளக்கிலேயே சொருகிடுப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

காரின் பசி எவ்வளவு?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சிறிய மின்சாரக் கார் ஒன்றின் பேட்டரி 17 முதல் 30 யூனிட் வரை பிடிக்கும். ஒரு யூனிட்டில் சுமார் 6 முதல் 8 கிலோமீட்டர் ஓடும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒருமுறை காரில் சுற்றினால் செலவு ஏறக்குறைய 2 யூனிட்.

அந்த யூனிட்டைக் காருக்குள் ஏற்ற வீட்டில் இரண்டு வழி.

ஒன்று, காரோடு வரும் சார்ஜரை 15 ஆம்பியர் பிளக்கில் சொருகுவது. இது சுமார் 3 கிலோவாட் இழுக்கும். 24 யூனிட் பேட்டரி நிரம்ப எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டால் காலையில் ரெடி.

இரண்டு, சுவரில் மாட்டும் சார்ஜர் பெட்டி. இது 7.2 கிலோவாட் வரை இழுக்கும். அதே பேட்டரி நாலு மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். ஆனால் எல்லாக் காரும் அந்த வேகத்தை வாங்கிக்கொள்ளாது. உங்கள் காரின் கையேட்டில் எவ்வளவு என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். வாட்டர் ஹீட்டர் 2 கிலோவாட். ஒன்றரை டன் ஏ.சி. ஏறக்குறைய ஒன்றரை கிலோவாட். இஸ்திரிப் பெட்டி 1 கிலோவாட். வாட்டர் ஹீட்டரைக் கால்மணி நேரம் போட்டு அணைத்துவிடுவோம். காரோ ராத்திரி முழுக்க, மூச்சு விடாமல் இழுக்கும். கால்மணி நேரச் சுமையைத் தாங்கும் ஒயர், ஒன்பது மணி நேரச் சுமையில் சூடேறி, மேலுறை இளகி, நீங்கள் தூங்கும் நேரத்தில் புகைய ஆரம்பிக்கும்.

"நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்பார்களே, அது பேட்டரிக்கும் பொருந்தும். தினமும் வீட்டில் மெதுவாக ஏற்றுவதே பேட்டரிக்கு நல்லது. வேக சார்ஜ் வெளியூர்ப் பயணத்துக்கு மட்டும் போதும். சித்திரை வெயிலில் ஓட்டிக்கொண்டு வந்த உடனே சொருகாமல் அரைமணி நேரம் ஆறவிடுங்கள். அன்றாட உபயோகத்துக்கு 80 சதவிகிதம் போதும். சில வகை பேட்டரிகளுக்கு மட்டும் அவ்வப்போது முழு சார்ஜ் கேட்பார்கள். அதுவும் கையேட்டில் இருக்கும்.

வாசல் தெளிக்கும் நேரம்

நம் வீட்டுப் பழக்கம் ஒன்றை யோசியுங்கள். விடியற்காலை ஐந்து மணி. அம்மாவோ மனைவியோ எழுந்து, செருப்பில்லாமல், வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார்கள். கை ஈரம், கால் ஈரம், தரை ஈரம். பக்கத்தில் கார் இன்னும் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கிறது. வழியை மறைக்கும் ஒயரை நகர்த்தி வைக்கிறார்கள், அல்லது கார்மீது கை ஊன்றுகிறார்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் ஒன்றும் ஆகாது. எங்கோ ஒரு இடத்தில் ஒயர் உரசி, காரின் உடம்பில் மின்சாரம் ஏறியிருந்தால்?

காய்ந்த தோல் மின்சாரத்தை நன்றாகவே தடுக்கும். ஈரத் தோலில் அந்தத் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஆயிரத்தால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். மனித உடம்பு தாங்குவது எவ்வளவு தெரியுமா? 1 மில்லி ஆம்பியரில் சுள்ளென்று தெரியும். 10-ஐத் தாண்டினால் தசை இறுகி, பிடித்த கை விடாது. 30-ஐத் தாண்டி நீடித்தால் மூச்சுத் தசைகள் ஸ்தம்பிக்கும். 100 வந்தால் இதயம் துடிப்பதை விட்டு நடுங்க ஆரம்பித்துவிடும். அதற்கு மேல் கைக்கு இருப்பது சில நிமிடங்கள்தான்.

"எங்க வீட்லதான் எம்.சி.பி. இருக்கே டாக்டர்" என்பீர்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 16,000 மில்லி ஆம்பியரைத் தாண்டினால்தான் அது விழ நினைக்கும். அது காப்பாற்றுவது ஒயரை. உங்களைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. என்ற இன்னொரு சாதனம். போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சரிக்குச் சரியா என்று அது கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், "எங்கேயோ ஒழுகுது" என்று கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும்.

கார் சார்ஜருக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. தனியாக வேண்டும். அதிலும் 'ஏ டைப்' கேட்டு வாங்குங்கள். சாதாரண வீடுகளில் மாட்டும் 'ஏ.சி. டைப்', கார் சார்ஜரிலிருந்து வரக்கூடிய வேறு மாதிரிக் கசிவை உணராமல் போகலாம். அதன் முகத்தில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அன்றைக்கே மாற்றுங்கள். பௌர்ணமிதோறும் அழுத்துவது என்று வைத்துக்கொண்டால், நம் ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள்!

பாறை பூமியும் எர்த்தும்

மண்ணுக்குள் மின்சாரத்தை இறக்கிவிடும் வழிதான் எர்த். கசிந்த மின்சாரம் உங்கள் உடம்பு வழியாகப் போகாமல், அந்தக் கம்பி வழியாக மண்ணுக்குப் போய்விட வேண்டும்.

திருவண்ணாமலையில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. மலையை ஒட்டிய இடங்களில் நாலு அடி தோண்டினாலே பாறை இடிக்கும். பாறையும் காய்ந்த மண்ணும் மின்சாரத்தை எளிதில் வாங்காது. இருபது வருஷம் முன்னால் கரியும் உப்பும் போட்டுப் புதைத்த குழாய், இன்று துருப்பிடித்துப் பெயருக்கு நிற்கும். சித்திரை, வைகாசியில் குழி வறண்டுவிட்டால் அதன் வேலை இன்னும் மோசம்.

இதனால் என்ன ஆகிறது? புதுக் காரை வீட்டுக்குக் கொண்டுவந்து சொருகியதும் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிகிறது. "எர்த் இல்லை, ஏற்ற மாட்டேன்" என்று அது சொல்கிறது. நல்ல சார்ஜருக்கு அந்த அறிவு உண்டு. உடனே தெரிந்த ஒயர்மேன் வந்து, பிளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுகிறார். சிவப்பு போய்ப் பச்சை வருகிறது. எல்லோருக்கும் சந்தோஷம்.

தயவுசெய்து இதை மட்டும் செய்யவிடாதீர்கள். காய்ச்சல் அடிக்கும் குழந்தைக்கு மருந்து கொடுக்காமல் தெர்மாமீட்டரை உடைத்துப் போடுவது போன்ற வேலை இது. நாளைக்குத் தெருக் கம்பத்திலோ மீட்டர் பெட்டியிலோ நியூட்ரல் ஒயர் அறுந்தால், காரின் முழு உடம்பிலும் 230 வோல்ட் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்போது கதவைத் திறக்கப் போவது நீங்களோ, பள்ளிக்குக் கிளம்பும் உங்கள் குழந்தையோ?

சரியான வழி, புது எர்த் குழி. பாறை இல்லாத இடம் பார்த்து ஆழமாக இறக்க வேண்டும். தாமிரப் பூச்சுள்ள கம்பியும், ஈரத்தைப் பிடித்து வைக்கும் களிமண் கலவையும் போடும் 'கெமிக்கல் எர்த்திங்' நம் ஊருக்கு ஏற்றது. ஒரு குழி போதவில்லை என்றால் இரண்டாவது போட்டு இரண்டையும் இணைப்பார்கள். வேலை முடிந்ததும் எர்த் டெஸ்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் இருந்தால் நிம்மதி. நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கும் வைத்தியரை நம்புவீர்களா? அளந்து காட்டாத எர்த்தையும் நம்பாதீர்கள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

1. முதலில் ஈ.பி. பிரிவு அலுவலகம். 2024-ல் அதன் பெயர் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று மாறினாலும் நம் வாயில் அது ஈ.பி.தான். உங்கள் இணைப்புக்கு எத்தனை கிலோவாட் அனுமதி என்று கேளுங்கள். சார்ஜரையும் சேர்த்தால் தாண்டுகிறது என்றால் லோடு கூட்ட விண்ணப்பம் போடுங்கள். 7.2 கிலோவாட் பெட்டி மாட்டுகிறவர்களுக்கு மூன்று பேஸ் இணைப்பு வசதி.

2. வீட்டுக் காரை வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் செய்துகொள்ளலாம். மத்திய மின்துறை 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் இது தெளிவாகவே உண்டு. ஆனால் பில்லைக் கவனியுங்கள். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாதக் கணக்கில் 300 யூனிட் சுமாராகக் கூடும். மொத்தம் 500-ஐத் தாண்டினால் கீழ்ப் படிகளின் சலுகையும் குறைந்துவிடும்.

3. மெயின் போர்டிலிருந்து சார்ஜருக்குத் தனி லைன். வேறு எதுவும் அதில் தொங்கக் கூடாது. 15 ஆம்பியர் பிளக்குக்கு 4 ஸ்கொயர் எம்.எம்., சுவர்ப் பெட்டிக்குக் குறைந்தது 6 ஸ்கொயர் எம்.எம். தாமிர ஒயர். தூரம் அதிகமானால் இன்னும் தடிமன். பழைய வீட்டு அலுமினிய ஒயரை மறந்துவிடுங்கள்.

4. பீங்கான் ஃபியூஸ் வைத்த பழைய போர்டு என்றால் முதலில் அதை மாற்றுங்கள். ஃபியூஸ் போகிறதே என்று இரண்டு இழை சேர்த்துக் கட்டும் பழக்கம் வீட்டையே கொளுத்திவிடும்.

5. பிளக் தரையிலிருந்து 80 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருக்க வேண்டும். கார் நிற்கும் இடத்திலிருந்து 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. இவையெல்லாம் மின் பாதுகாப்பு விதிகளிலேயே உண்டு.

6. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் நம் மலையிலேயே மண் சரிந்து உயிர்கள் போனதை யாரும் மறக்கவில்லை. தெருத் தண்ணீர் ஏறும் வீடு என்றால் பெட்டியை இன்னும் உயர்த்தி மாட்டுங்கள்.

7. குரங்குகள்! மலையோரத் தெருக்களில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். சார்ஜ் முடிந்ததும் ஒயரைச் சுருட்டிப் பெட்டிக்குள் வையுங்கள். அணில், எலி கடித்த தடம் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

8. கார்த்திகை மாதத்தில் போர்டிகோவில் அகல் வரிசை வைக்கும்போது கார், ஒயர் பக்கம் வேண்டாம்.

9. வேலையை அரசு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். முதல் நாள் பகலில், நீங்கள் விழித்திருக்கும்போது சார்ஜ் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து பிளக்கின் முகப்பைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு, கருகல் வாடை, பழுப்பு நிறம் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள்.

தீபத்துக்கு வரும் விருந்தாளி

நம் ஊருக்கே உரிய ஆபத்து இது. பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் உறவுக்காரர்கள் மின்சாரக் காரில் வருகிறார்கள். "மாமா, ஒரு பிளக் குடுங்க, ராத்திரி போட்டுக்கறேன்" என்கிறார் மருமகப் பிள்ளை. ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து, ஃபிரிட்ஜ் பாயின்ட்டில் சொருகிவிட்டு எல்லோரும் கிரிவலம் கிளம்பிவிடுகிறோம். வீட்டில் தூங்குவது பாட்டியும் கைக்குழந்தையும். விருந்தோம்பலுக்குக் குறை வரக் கூடாதுதான். ஆனாலும், "எங்க லைன் அதுக்குத் தாங்காது மாப்ளே, வழியிலேயே சார்ஜிங் நிலையத்தில் ஏத்திட்டு வந்துடுங்க" என்று முன்கூட்டியே போனில் சொல்லிவிடுவதில் தப்பே இல்லை.

வேலூர் சொல்லித் தந்த பாடம்

2022 மார்ச்சில், நமக்குப் பக்கத்து ஊரான வேலூரில், ராத்திரி வீட்டு முன்னால் சார்ஜ் போட்டிருந்த புது மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது. அந்தப் புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் அவருடைய சின்னப் பெண்ணும் இறந்துபோனார்கள். அதன் பிறகு அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. அதற்கு முன்னால் வாங்கிய வண்டிகள் நம் வீடுகளில் இன்னும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

ஒரு வைத்தியனாக இதில் நான் பார்ப்பது புகையை. லித்தியம் பேட்டரி எரியும்போது கார்பன் மோனாக்சைடும், நுரையீரலை அரிக்கும் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் வரும். தீ படுக்கையறைக்கு வருவதற்குள் புகை வந்துவிடும். ஆகவே:

- வெளியேறும் ஒரே வாசலை மறித்துக்கொண்டு எந்த வண்டியையும் சார்ஜ் போடாதீர்கள்.
- ஸ்கூட்டர் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்க் கட்டில் பக்கத்தில் சார்ஜ் போடாதீர்கள்.
- புகை தெரிந்தால் சாமான் எடுக்க நிற்காமல் எல்லோரையும் வெளியேற்றுங்கள். போகிற வழியில் முடிந்தால் மட்டும் மெயினை அணையுங்கள். பிறகு 101 அல்லது 112.
- வாளித் தண்ணீரால் பேட்டரித் தீ அணையாது. அணைந்தது போலத் தெரிந்தும் மறுபடி பற்றும். பக்கத்தில் போகாதீர்கள்.

ஷாக் அடித்தால் என்ன செய்வது?

பதறாத காரியம் சிதறாது. முதலில் மெயினை அணையுங்கள். அதற்கு முன் அவரைத் தொடாதீர்கள். தொட்டால் இரண்டு உயிர். மெயின் எட்டாத தூரம் என்றால், காய்ந்த தரையில் செருப்புப் போட்டு நின்று, காய்ந்த கட்டையால் ஒயரைத் தள்ளிவிடுங்கள்.

பிறகு தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் இல்லை என்றால் ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மற்றவர் நெஞ்சின் நடுவில், இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். உள்ளங்காலைத் தேய்ப்பதும் வாயில் தண்ணீர் ஊற்றுவதும் நேரத்தை வீணாக்கும். தண்ணீர் மூச்சுக் குழாய்க்குள் போய்விடவும் கூடும்.

எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல, சரியாயிடுச்சு" என்றாலும் விடாதீர்கள். மின்சாரக் காயம் வெளியே ஒரு புள்ளியாகத் தெரியும். உள்ளே தசை வெந்திருக்கும். இதயத் துடிப்பு பிறகும் தடுமாறலாம். சிறுநீர் கறுத்துப் போனால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போய் இ.சி.ஜி. எடுத்தே ஆக வேண்டும்.

சாதாரணத் தீக்காயத்துக்கு 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீர். பேஸ்ட், மை, நெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். எங்கள் தைலங்களுக்கும் இடம் உண்டு. ஆனால் அது காயம் ஆறும் கட்டத்தில், வைத்தியர் பார்த்துச் சொன்ன பிறகு.

சில சந்தேகங்கள்

*இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்த அப்பா இருக்கிறார். சார்ஜர் மாட்டலாமா?*

மாட்டலாம். ஜெர்மனியில் பேஸ்மேக்கர் போன்ற கருவி பொருத்திய 130 பேரை வைத்து, வீட்டு சார்ஜரைவிடப் பல மடங்கு சக்தி வாய்ந்தவற்றில் சோதித்து, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். கருவிக்கு எந்த இடையூறும் இல்லை. ஆனாலும் ஒயரை மார்போடு அணைத்துத் தூக்க வேண்டாம். இதய மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

*மருமகள் கர்ப்பமாக இருக்கிறாள். 'ரேடியேஷன்' வருமா?*

எக்ஸ்ரே மாதிரியான கதிர் இதில் கிடையாது. உங்கள் ஃபேனிலும் மிக்ஸியிலும் ஓடும் அதே மின்சாரம்தான். பயம் வேண்டாம்.

*மழையில் சார்ஜ் போடலாமா?*

முறையாக மாட்டிய, தண்ணீர் புகாத பெட்டி என்றால் போடலாம். இடி மின்னல் வருகிறது என்று தெரிந்தால், மழைக்கு முன்பே கழற்றிவிடுங்கள்.

*கரன்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓடுமா?*

வீட்டு இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் லைட்டுக்கும்தான். காரின் பசிக்கு அது ஒரு வாய்க்கும் காணாது. சார்ஜர் லைனை அதோடு இணைக்கவே கூடாது.

கார் பல லட்சம். நல்ல எர்த், நல்ல ஒயர், ஒரு ஆர்.சி.சி.பி. இவற்றுக்கு ஆவது அதில் சிறு பங்கு. அதைச் சேமிக்க நினைக்காதீர்கள். இன்றைக்குச் சாயங்காலம் ஒரு காரியம் செய்யுங்கள். கார் இருக்கிறதோ இல்லையோ, டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் உங்கள் மெயின் போர்டைத் திறந்து பாருங்கள். 'டி' பட்டன் இருக்கிறதா? இருந்தால் அழுத்துங்கள். இல்லையென்றால், நாளைக் காலையில் வாசல் தெளிக்கும் முன் எலக்ட்ரீஷியனுக்கு ஒரு போன் போடுங்கள்.